ஏழு அரியரோடு தொடங்கியவர் இயற்பியலில் பிஎச்.டி. சேர முடியுமா?

நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் கல்லூரியும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அதனால் கடிதத்தின் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

வயது 25. அப்பா விசைத்தறித் தொழிலாளி. பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழிப் படிப்பு. பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்த முதல் வருடமே அப்பாவுக்குக் கையில் அடிபட்டுவிட, நைட் ஷிப்டில் மகன் தறி ஓட்டப் போயிருக்கிறார். காலையில் வகுப்பில் உட்கார்ந்தால் தூக்கம். விழித்திருந்தாலும் ஆங்கிலத்தில் நடக்கிற பாடம் பாதிதான் புரிந்திருக்கிறது. முதல் மூன்று செமஸ்டரில் ஏழு அரியர்: அலைடு மேத்ஸ் இரண்டு தாள், இயந்திரவியல், வெப்பவியல், மின்னியல், ஆங்கிலம் இரண்டு தாள். எல்லாவற்றையும் எழுதி முடிக்க ஒரு வருடம் கூடுதலாகி, கடைசியில் கைக்கு வந்தது 54 சதவீதம். அப்புறம் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.எஸ்சி. சேர்ந்து 82 சதவீதத்தோடு, வகுப்பில் இரண்டாவதாக முடித்திருக்கிறார். இப்போது தனியார் பள்ளியில் 12,000 ரூபாய் சம்பளத்துக்கு ஆசிரியர் வேலை. சிஎஸ்ஐஆர் நெட் தேர்வை (ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான தேசியத் தேர்வு) ஒருமுறை எழுதி, கொஞ்ச மதிப்பெண்ணில் தவறவிட்டிருக்கிறார்.

அவர் கேட்பது இதுதான். "இந்த மார்க்‌ஷீட்டைப் பார்த்தால் எந்த ஆராய்ச்சி நிறுவனமும் கூப்பிடாது என்று சீனியர்கள் சொல்கிறார்கள். ஒரு கன்சல்டன்சியில், பி.எஸ்சி. மதிப்பெண்ணைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளாமல் ஜெர்மனியில் இன்னொரு மாஸ்டர்ஸ் வாங்கித் தருகிறோம், அதற்கு முன்னால் 18,000 ரூபாய் கட்டினால் உங்கள் பெயரில் ஒரு பேப்பர் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். மாமா குரூப் 2 எழுதச் சொல்கிறார். எனக்குத் திடநிலை இயற்பியலில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் ஆசை. நான் நேரத்தை வீணடிக்கிறேனா, ஐயா?"

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். பல வருடங்கள் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன், பிஎச்.டி. தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் புரட்டியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். நீங்கள் நேரத்தை வீணடிக்கவில்லை. ஆனால் பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, வேறொன்றைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறீர்கள்.

தகுதி விஷயத்தில் சீனியர்கள் சொன்னது தப்பு

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு பிஎச்.டி. விதிமுறைகள் முதுநிலைப் பட்டத்தில் 55 சதவீதம் கேட்கின்றன. எஸ்சி, எஸ்டி, கிரீமி லேயரில் வராத ஓபிசி, மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 சதவீதம் தளர்வு. உங்களிடம் 82 இருக்கிறது. நெட் தேர்வுக்கும் அவர்கள் பார்ப்பது உங்கள் எம்.எஸ்சி.யைத்தான். எழுதித் தேறிய அரியர், விதியின் கண்ணில் தேறிய பாடம். அவ்வளவுதான்.

இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். சில நிறுவனங்கள் தங்கள் அறிவிப்பில் இளநிலையிலும் முதல் வகுப்பு வேண்டும் என்று தனியாக நிபந்தனை போடுவார்கள். கோடை காலப் பயிற்சித் திட்டங்களிலும் இந்த வழக்கம் உண்டு. அங்கே உங்கள் விண்ணப்பம் முதல் வடிகட்டலிலேயே போய்விடும். மனசு விட வேண்டாம். ஒவ்வொரு அறிவிப்பிலும் தகுதிப் பத்தியை முதலில் படித்துவிட்டு, பொருந்தாததைத் தள்ளி வைத்துவிட்டு, பொருந்துகிற இடத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள்.

மற்ற இடங்களில் கதவைத் திறப்பது தேசிய அளவிலான தேர்வு. ஜெஸ்ட் என்கிற ஆராய்ச்சி நுழைவுத் தேர்வை எழுதினால் சென்னை தரமணியில் இருக்கிற கணித அறிவியல் நிறுவனம், பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனம், கொல்கத்தாவின் எஸ்.என். போஸ் மையம் போன்றவை அந்த ரேங்கைப் பார்த்து நேர்காணலுக்கு அழைக்கின்றன. ஐஐடிகளுக்கு கேட் (பொறியியல், அறிவியல் பட்டதாரிகளுக்கான தேசியத் தேர்வு) அல்லது நெட். கேட் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். ஜெஸ்ட் அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும். நீங்கள் திடநிலைப் பரிசோதனை செய்ய விரும்புகிறவர் என்பதால் கோட்பாட்டு ஆராய்ச்சிக்கான இடங்களைவிட, ஆய்வகம் வலுவாக இருக்கிற துறைகளைத் தேடிப் பட்டியல் போடுங்கள். மூன்று தேர்வுக்கும் பாடத்திட்டம் பெரும்பாலும் ஒன்றேதான். ஒரே படிப்பில் மூன்றையும் எழுதலாம்.

நான் கவலைப்படுவது அந்த ஏழு தாளைப் பற்றி

உங்கள் அரியர் பட்டியலை மறுபடியும் பாருங்கள். ஆங்கிலத்தை விட்டுவிடுவோம். அலைடு மேத்ஸ் இரண்டு, இயந்திரவியல், வெப்பவியல், மின்னியல். இவற்றை எப்படித் தேறினீர்கள் என்று கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள்: "பழைய கேள்வித்தாள் ஐந்து வருடத்துக்கு வாங்கி, திரும்பத் திரும்ப வந்ததை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன்." அன்றைக்கு இருந்த நிலைமையில் அது சரியான முடிவுதான். நைட் ஷிப்ட் முடித்து வந்தவரிடம் வேறென்ன கேட்பது? ஆனால் அப்படிப் போனதால் அரியர் தீர்ந்ததே தவிர, பாடம் உள்ளே வந்ததா என்பது வேறு கேள்வி.

நெட் தேர்வில் எங்கே மதிப்பெண் போனது என்று நீங்கள் தந்த கணக்கைப் பார்த்தேன். கணித முறைகள், மின்காந்தவியல், வெப்பவியலும் புள்ளியியல் இயக்கவியலும். அரியர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே இடங்கள். குவாண்டம் இயக்கவியலிலும் திடநிலையிலும் நன்றாகச் செய்திருக்கிறீர்கள், அவை எம்.எஸ்சி.யில் புதிதாக, விழித்திருந்து படித்தவை.

ஆகவே உங்கள் பழைய மார்க்‌ஷீட்டை யாரோ பார்த்துவிடப் போகிறார்களே என்று அஞ்சுவதை விடுங்கள். எந்தச் செங்கல் இல்லாமல் சுவர் எழும்பியிருக்கிறது என்று அது உங்களுக்குத்தான் காட்டித் தருகிறது. எம்.எஸ்சி. 82 சதவீதம் இதை மூடி மறைத்துவிடும். நம் பல்கலைக்கழகத் தேர்வுகளில் தருவித்தலை மனப்பாடமாக எழுதினாலே மதிப்பெண் வரும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நேர்காணல் அறையில் அது நிற்காது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நான் உட்கார்ந்த குழுக்களில் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்வி. முடிவிலா ஆழமுள்ள ஒரு பெட்டிக்குள் எலக்ட்ரான் தரைநிலையில், அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலையில், இருக்கிறது. பெட்டியின் ஒரு சுவரை மட்டும் சட்டென நகர்த்தி, அகலத்தை இரண்டு மடங்காக்குகிறோம். புதிய பெட்டியின் தரைநிலையில் எலக்ட்ரான் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு? நன்றாகப் படித்த பையன்கள்கூட உடனே பலகையில் தொகையீட்டை எழுத ஆரம்பித்துவிடுவார்கள். நாங்கள் காத்திருப்பது வேறொன்றுக்கு: "சுவர் நகர்ந்த அந்தக் கணத்தில் அலைச்சார்பு மாற நேரமில்லை, அது பழைய வடிவிலேயே இருக்கும்" என்று அவர் வாயால் ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் மிச்சம் கணக்குதான். 32-ஐ 9π²-ஆல் வகுத்தால் சுமார் 0.36 வரும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னவரின் பி.எஸ்சி. சதவீதத்தைத் திருப்பிப் பார்க்கிற ஆளை நான் கண்டதில்லை. கணக்கைப் போட முடியாமல் நின்றவர்களும் உண்டு. சைன் சார்புகளின் பெருக்கலைத் தொகையிடத் தடுமாறினார்கள். அது அலைடு மேத்ஸ்.

என்ன செய்யலாம்? அடுத்த நான்கு மாதம் எம்.எஸ்சி. பாடத்தைத் தொடாதீர்கள். பி.எஸ்சி. முதல் இரண்டு வருடத்துப் பாடத்தை, தேர்வுக்கு அல்லாமல், புரிவதற்காகப் படியுங்கள். வகையீட்டுச் சமன்பாடு, வெக்டர் நுண்கணிதம், அணிகள். பிறகு இயந்திரவியல், மின்னியல், வெப்பவியல். பார்த்து எழுதுவதைத் தவிர்த்து, ஒரு நாளைக்கு மூன்று கணக்கு, விடையைப் பார்க்காமல். ஐஐடி ஆசிரியர்களின் வகுப்புகள் என்பிடெல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னை ஐஐடியில் இருந்த பேராசிரியர் வி. பாலகிருஷ்ணன் நடத்திய இயற்பியல் வகுப்புகளை நான் இந்த வயதிலும் கேட்கிறேன். ஆங்கிலம் வேகமாகத் தோன்றினால் நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். வகுப்பறையில் உங்களுக்குக் கிடைக்காத வசதி அது.

நெட் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. மொத்தம் 200 மதிப்பெண். அதில் சி பகுதி மட்டும் 100. 30 கேள்வியில் 20 எழுதினால் போதும், ஒவ்வொன்றும் 5 மதிப்பெண். தவறான விடைக்கு நாலில் ஒரு பங்கு கழியும். நீங்கள் சி பகுதியில் 20 கேள்விக்கும் விடை குறித்து, 11 தவறு என்கிறீர்கள். அந்தப் பதினொன்றால் கழிந்தது மட்டும் 13.75. உங்களுக்குக் குறைந்த மதிப்பெண்ணைவிட அது அதிகம். அடுத்த முறை தெரிந்த பத்துப் பன்னிரண்டை முழுதாகப் போட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வையுங்கள்.

மறைக்காதீர்கள், நீட்டி அழவும் வேண்டாம்

பி.எஸ்சி. மதிப்பெண்ணை "பெரிதாகக் காட்டிக்கொள்ளாமல்" விண்ணப்பிக்கலாம் என்ற யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். எல்லா விண்ணப்பமும் எல்லாப் பட்டத்தையும் கேட்கும். சேரும்போது அசல் சான்றிதழ் சரிபார்ப்பார்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் சேர்க்கையே ரத்தாகும். குறைந்த மதிப்பெண்ணை மன்னிக்கிற குழு, பொய்யை மன்னிக்காது.

அதே சமயம், நீங்கள் இணைத்து அனுப்பிய நோக்க அறிக்கையில் (எதில், ஏன் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தருவது) முதல் ஒன்றரைப் பக்கம் அப்பாவின் விபத்தும் நைட் ஷிப்டும்தான். படித்து எனக்குத் தொண்டை அடைத்தது உண்மை. ஆனால் குழுவில் இருப்பவர் அதைப் படித்து முடிக்கும்போது, நீங்கள் கஷ்டப்பட்டவர் என்று தெரியுமே தவிர, என்ன ஆராய்ச்சி செய்யப் போகிறீர்கள் என்று தெரியாது. இப்படி மூன்று வாக்கியம் போதும்: "இளநிலையின் முதல் மூன்று செமஸ்டரில் குடும்பச் சூழலால் இரவு வேலை பார்த்துக்கொண்டே படித்தேன், ஏழு தாள்களில் தவறினேன். அவற்றை நான்காவது ஆண்டுக்குள் எழுதித் தேறினேன். வேலையை விட்டு முழுநேரம் படித்த முதுநிலையில் 82 சதவீதம் பெற்றேன்." சாக்கும் இல்லை, வெட்கமும் இல்லை. நேர்காணலில் கேட்டாலும் இதையே சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

மீதிப் பக்கத்தை எதால் நிரப்புவது? உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். எம்.எஸ்சி. ஆய்வகத்தில் நான்கு முனை முறையில் ஜெர்மானியத்தின் மின்தடைத்திறனை அளந்தபோது, சூடேற்றும்போது கிடைத்த கோடும் ஆறும்போது கிடைத்த கோடும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரவில்லை. மற்றவர்கள் சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நீங்கள் மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் திரும்பப் போய், அடுப்பை மெதுவாகச் சூடேற்றி அளந்திருக்கிறீர்கள். இடைவெளி குறைந்திருக்கிறது. வெப்பமானி காட்டுவது மாதிரித் துண்டின் வெப்பநிலையை அல்ல, அதன் பக்கத்துக் காற்றின் வெப்பநிலையை. துண்டு எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே வருகிறது என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். இரண்டு கோட்டுக்கும் சராசரி எடுத்து, ஆற்றல் இடைவெளி 0.7 எலக்ட்ரான் வோல்ட்டுக்குப் பக்கத்தில் வந்தது என்று எழுதிவிட்டு, "இது பெரிய விஷயம் இல்லை ஐயா" என்று முடித்துவிட்டீர்கள்.

பெரிய விஷயம்தான். நான்கு பக்கத்தில் உங்களை ஆராய்ச்சியாளராகக் காட்டுகிற பத்தி அது ஒன்றுதான். கருவி சொல்வதை அப்படியே நம்பாமல், ஏன் என்று மூன்று மதியம் செலவழித்தவரைத்தான் பரிசோதனைக் கூடம் நடத்துகிறவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நோக்க அறிக்கையின் முதல் பத்தியாக அதை எழுதுங்கள். வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் "உங்களுக்குப் பிடித்த சோதனை எது" என்று கேட்டால் பலகையில் வரைந்து காட்டுங்கள்.

பரிந்துரைக் கடிதமும் இதோடு சேர்ந்ததுதான். துறைத்தலைவர் கையெழுத்து கனமாக இருக்கும் என்று நினைத்து, உங்களைத் தெரியாதவரிடம் போகப் பார்க்கிறீர்கள். வேண்டாம். அந்த மூன்று மதியம் சாவியைக் கொடுத்து ஆய்வகத்தைத் திறந்துவிட்ட ஆசிரியை இருக்கிறாரே, அவரிடம் கேளுங்கள். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் வழிகாட்டியிடம் ஒன்று. நீங்கள் அரியர் எழுதிய காலத்தைப் பார்த்த பி.எஸ்சி. ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் மூன்றாவது அவர். "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்வார்கள். பல இடத்தில் வழக்கம் அது. அப்படிச் சொன்னால், கடிதத்தை எழுதிக் கொடுக்காமல், என்ன செய்தீர்கள் என்ற விவரத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் வார்த்தையில் எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள்.

ஜெர்மனி, 18,000 ரூபாய், அமெரிக்கா

கன்சல்டன்சி சொன்னதில் எனக்குக் கோபமே வந்தது. இந்திய மாணவர்கள் ஜெர்மனிக்குப் படிக்கப் போக, 2022 நவம்பர் முதல் ஏபிஎஸ் சான்றிதழ் வேண்டும். உங்கள் பட்டங்களையும் மதிப்பெண் பட்டியலையும் சரிபார்த்துத் தருகிற சான்று அது. அதில் பி.எஸ்சி.யை எங்கே ஒளிப்பது?

இன்னொன்றையும் அவர்கள் சொல்லவில்லை. மாஸ்டர்ஸ் சேர்க்கைக்கு அங்கே எடைபோடுவது இளநிலையைத்தான். அவர்கள் மதிப்பெண் மாற்றும் சூத்திரத்தில் 1 மிகச் சிறந்தது, 4 வெறும் தேர்ச்சி. 54 சதவீதத்தை, 40-ஐத் தேர்ச்சி மதிப்பெண்ணாக வைத்துப் போட்டால் 3.3 வரும். உங்களுடைய பலவீனம் எந்த வழியில் அதிகமாக அடிபடுமோ, அந்த வழியைத்தான் காசு வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் விசாவுக்கு, முடக்கப்பட்ட கணக்கில் (மாதாமாதம் ஒரு தொகை மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) ஒரு வருடச் செலவாக 11,904 யூரோ காட்ட வேண்டும். நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். எம்.எஸ்சி. முடித்த உங்களுக்கு இன்னொரு மாஸ்டர்ஸ் தேவையும் இல்லை. ஜெர்மனிதான் வேண்டுமென்றால் நேரடியாக பிஎச்.டி. இடத்துக்கு எழுதுங்கள், அங்கே அது பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை, முடிவெடுப்பவர் அந்த ஆய்வகத்தின் பேராசிரியர், அவர் பார்ப்பது முதுநிலையையும் ப்ராஜெக்டையும்.

18,000 ரூபாய்ப் பேப்பர் உங்களுக்குக் கெடுதல் செய்யும். நீங்கள் செய்யாத வேலை உங்கள் பெயரில் வந்தால், நேர்காணலில் முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும். உங்கள் ஒன்றரை மாதச் சம்பளம் அது. கொடுக்காதீர்கள்.

அமெரிக்காவில் பிஎச்.டி. சேர்ந்தால் பெரும்பாலும் உதவித்தொகை உண்டு. விண்ணப்பக் கட்டணம் மட்டும் இடத்துக்கு இடம் சேர்ந்து பெரிய தொகையாகிவிடும். பல துறைகள் இயற்பியல் ஜிஆர்இ என்கிற நுழைவுத் தேர்வைக் கட்டாயம் இல்லை என்று ஆக்கிவிட்டன. பழைய மதிப்பெண் பலவீனமாக இருப்பவருக்கு அந்தத் தேர்வில் நல்ல மதிப்பெண் கைகொடுக்கும். ஆனால் இந்த வருடம் உங்கள் கையில் இருக்கிற பணத்துக்கும் நேரத்துக்கும் இந்தியத் தேர்வுகளே சரி.

வீட்டுக்குச் சொல்ல வேண்டியது

மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்பது, வீட்டுக்கு எப்போது வருமானம் வரும் என்பது. அதற்கு எண்ணாலேயே பதில் சொல்லுங்கள். ஜேஆர்எஃப், அதாவது நெட் தேர்வு வழியாகக் கிடைக்கிற ஆராய்ச்சி உதவித்தொகை, கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000. தகுதியிருந்தால் வீட்டு வாடகைப்படி தனி. உங்கள் இப்போதைய சம்பளத்தைப்போல் மூன்று மடங்கு. இதை அப்பாவிடமும் மாமாவிடமும் உட்கார்ந்து சொல்லி, இரண்டு சுற்றுத் தேர்வுக்கு அவகாசம் கேளுங்கள். தேதியோடு கேளுங்கள். நெட் வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது. 25 வயதில் ஜேஆர்எஃப் வயது வரம்பு உங்களுக்குத் தடையில்லை. ஓபிசிக்கு ஐந்து ஆண்டு தளர்வும் இருக்கிறது. இரண்டு சுற்றிலும் ஒன்றும் நடக்காவிட்டால் குரூப் 2 எழுதலாம், அதில் இழிவு ஒன்றுமில்லை. இடையில் பக்கத்துப் பல்கலைக்கழகம் எதிலாவது நிதி பெற்ற ஆராய்ச்சித் திட்டத்தில் ப்ராஜெக்ட் அசோசியேட் வேலை வந்தால், பள்ளி வேலையை விட்டுவிட்டுப் போவதை யோசியுங்கள். ஆய்வகமும் கிடைக்கும், இன்னொரு பரிந்துரைக் கடிதமும் கிடைக்கும்.

உதவித்தொகை இல்லாமல் ஏதாவது ஒரு கல்லூரியில் பிஎச்.டி. பதிவு செய்துவிடலாமே என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு நிலைமையில் நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன். பாதியில் விடுகிற அபாயம் அதிகம், விட்டால் வருடங்கள் திரும்ப வராது.

சான்றிதழ் விஷயம் ஒன்று. உங்களிடம் இருப்பது மாநில அரசின் பிசி சாதிச் சான்றிதழ். மத்திய அரசுத் தேர்வுகளுக்கு அது செல்லாது. உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, மத்திய அரசுப் படிவத்தில் கிரீமி லேயரில் இல்லை என்கிற ஓபிசி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். விண்ணப்பக் கடைசி நாளில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதோடு, பரணில் போட்டிருந்தாலும் அந்த எம்.எஸ்சி. ரெக்கார்டு நோட்டைத் தேடி எடுங்கள். இரண்டு கோடும் ஒன்று சேராத அந்த வரைபடத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். நோக்க அறிக்கையின் முதல் பத்தியைத் தமிழிலேயே எழுதி அனுப்பினாலும் சரி, இருவருமாகப் பார்த்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகலாம்.